நிபுணர்கள் வேறுபட்டால் வெட்கமா?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி நடப்பது இது. ஒரே உலோகக் குண்டின் விட்டத்தை இரண்டு மாணவர்கள் வெர்னியர் அளவியால் அளக்கிறார்கள். ஒருவருக்கு 1.82 செ.மீ. வருகிறது, மற்றவருக்கு 1.85 செ.மீ. உடனே ஒருவர் தம் அளவை ரப்பரால் அழித்துவிட்டு அடுத்தவரின் அளவை எழுதிக்கொள்கிறார். ஆசிரியரிடம் இருவருமே 'சரி' வாங்கிவிடுகிறார்கள். இந்தச் சிறிய அழிப்பு அறிவியலுக்கு இழைக்கும் பெரிய தீங்கு என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை மருத்துவத் துறையிலிருந்து ஓர் உதாரணத்தைக் கொண்டு விளக்குகிறேன்.

சீலியாக் என்றொரு நோய் உண்டு. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. இந்நோய் உள்ளவர்கள் அதை உண்டால், உடலின் பாதுகாப்புப் படையே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்குகிறது. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் தம் ஆய்வேட்டில் எடுத்துக்காட்டினார். அந்தத் தானியங்களை வாழ்நாள் முழுவதும் ஒதுக்குவதே இதற்குச் சிகிச்சை.

சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவற்றின் அடியில் சிறு குழிகள் உண்டு. நலமான குடலில் உறிஞ்சியின் உயரம் குழியின் ஆழத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்கும். சீலியாக் நோயில் வெள்ளணுக்கள் மொய்க்கும், குழிகள் ஆழமாகும், உறிஞ்சிகள் குட்டையாகிக் கடைசியில் தட்டையாகிவிடும். சில மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்குகளைக் குடலிலிருந்து எடுத்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து நோயைக் கணிப்பவர் நோயியல் நிபுணர்.

இந்தச் சிதைவை மைக்கேல் மார்ஷ் என்னும் ஆய்வாளர் 1992இல் படிகளாக வகுத்தார். 1999இல் ஓபர்ஹூபரும் அவரது குழுவினரும் மூன்றாம் படியை 3அ, 3ஆ, 3இ என்று மேலும் பிரித்தார்கள். 'உறிஞ்சிகள் சற்றே குட்டை', 'மிகவும் குட்டை', 'முற்றிலும் தட்டை' என்பவை அவை. ஏட்டில் பார்த்தால் மிக நேர்த்தியான ஏற்பாடுதான்.

ஆனால் ஒரே ஸ்லைடைப் பல நிபுணர்கள் பார்த்தால் எல்லோரும் ஒரே படியைச் சொல்வார்களா? கொராசாவும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 60 ஸ்லைடுகளை ஆறு நோயியல் நிபுணர்கள் தனித்தனியே பார்த்தனர். அவர்களிடையே இருந்த ஒற்றுமை 'காப்பா' என்னும் எண்ணால் கணக்கிடப்பட்டது.

அது என்ன காப்பா? இருவர் தனித்தனியே நாணயம் சுண்டினால்கூட 100இல் ஏறக்குறைய 50 முறை இருவருக்கும் ஒரே பக்கம் விழும். அது திறமையல்ல, தற்செயல். ஆகவே 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே விடைகளில் இருவர் 75 முறை ஒத்துப்போனால், தற்செயலான 50ஐக் கழித்துவிட வேண்டும். மீதமுள்ள 50இல் 25தான் அவர்களுடைய உண்மையான ஒற்றுமை. காப்பா 0.5. முழு ஒற்றுமை என்றால் 1. வெறும் தற்செயல் என்றால் 0.

மார்ஷ்–ஓபர்ஹூபர் படிகளில் அந்த ஆறு நிபுணர்கள் பெற்ற சராசரி 0.35தான்!

இவர்கள் திறமையற்றவர்களா? இல்லவே இல்லை. வெண்டைக்காயை நீளவாக்கில் பிளந்தால் அதன் நீளம் தெரியும். சாய்த்து நறுக்கினால் குட்டைத் துண்டாகத்தான் தெரியும். அதுபோலத் துணுக்கைச் சாய்வாகச் சீவினால் நல்ல உறிஞ்சியும் குட்டையாகத் தோன்றும். குடலில் நோய் ஆங்காங்கே திட்டுத்திட்டாகவும் இருக்கலாம். மேலும், 'சற்றே' எங்கே முடிகிறது, 'மிகவும்' எங்கே தொடங்குகிறது?

கொராசா குழுவினர் அதே ஸ்லைடுகளை அ, ஆ1, ஆ2 என்று மூன்றே வகைகளாகப் பிரித்துப் பார்க்கச் செய்தார்கள். காப்பா 0.55 ஆக உயர்ந்தது.

'வகைகளைக் குறைத்தால் நுட்பம் போய்விடாதா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரே வகை என்று வைத்துவிட்டால் வேறுபாடே வராது, பயனும் இராது. ஆனால் வெர்னியருக்கு மீச்சிற்றளவு இருப்பதுபோல் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. 0.01 செ.மீ. வரை அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு 0.001 செ.மீ. வரை எழுதினால் ஆசிரியர் ஏற்பாரா? மற்றொருவர் மறுபடி பார்த்து உறுதிசெய்ய முடியாத நுட்பம் நுட்பமே அல்ல. அதோடு, 3அ ஆனாலும் 3ஆ ஆனாலும் நோயாளிக்குச் சொல்லும் சிகிச்சை ஒன்றுதான்.

'கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாமே?' என்றும் தோன்றும். 2025இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் இத்தகைய ஸ்லைடுகளைப் பார்த்து நோயைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்றை வெளியிட்டார்கள். வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் அதற்குப் பாடம் சொல்லித் தருவதும் மனிதர்கள் கணித்த ஸ்லைடுகளே. ஆசிரியர்களுக்குள் கருத்து மாறுபட்டால் மாணவனும் தடுமாறத்தானே செய்வான்?

இது வெறும் எண் விளையாட்டல்ல. நோயிருந்தும் 'இல்லை' என்று சொல்லப்பட்ட குழந்தை இரத்தசோகையோடு வளர்ச்சி குன்றிப்போகும். நோயில்லாமலே 'உண்டு' என்று சொல்லப்பட்ட குழந்தை ரொட்டியையும் பிஸ்கட்டையும் காரணமின்றி ஆயுள் முழுவதும் மறுக்க நேரிடும். அதனால்தான் மருத்துவர்கள் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஐயம் எழுந்தால் இன்னொரு நிபுணரிடம் ஸ்லைடைக் காட்டுகிறார்கள். அப்படிக் காட்டுவது நேர்மை. அந்த ஆறு நிபுணர்களும் தங்கள் வேறுபாட்டை மறைத்திருந்தால் மேலான வகைப்பாடு எது என்பது தெரிந்திருக்காது.

ஆகவே மாணவ நண்பர்களே, அடுத்த முறை உங்கள் அளவும் பக்கத்து நண்பரின் அளவும் மாறுபட்டால் ரப்பரைத் தேடாதீர்கள். இரண்டையும் எழுதுங்கள். கருவியின் சுழிப்பிழையா, பார்த்த கோணமா, குண்டே சரியான கோளம் இல்லையா என்று இருவரும் சேர்ந்து ஆராயுங்கள். 'சரி' கிடைக்கச் சற்றுத் தாமதமாகலாம். ஆனால் அன்றைக்கு நீங்கள் செய்தது உண்மையான அறிவியலாக இருக்கும்.