மின்னுயர்த்திக்கு எந்த மூலை?

வீடு கட்டுவோர் நம்மிடையே வழக்கமாகக் கேட்கும் வினாக்கள் மூன்று: வாயில் எத்திசை, அடுக்களை எம்மூலை, கிணறு எவ்விடம் என்பன. விடுதி கட்டுவோர் இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் இப்போது கேட்கின்றனர்: மின்னுயர்த்தியை எந்த மூலையில் வைப்பது? மின்னுயர்த்தி என்பாரும் மின்தூக்கி என்பாரும் உளர். ஊரார் லிப்ட் என்று சொல்லி வேலையை முடித்துக்கொள்கின்றனர். பெயர் பற்றிய வழக்கைப் பிறிதொரு நாளைக்கு வைத்துக்கொள்வாம். அப்பொறிக்கு மூலை கற்பிக்கும் பொருட்டு நம் பழைய மனைநூல்களைச் சாட்சிக்கு அழைப்பது தகுமா என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

எத்தாளையில் இருந்து எழுதுகின்ற எனக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே மணல்; இதுவே எங்கள் கற்பிட்டிக் குடாநாடு. 2009 இல் போர் ஓய்ந்த பின்னர் டொல்பின் பார்க்கவும், பட்டத்தின் இழுப்பில் அலைமேல் வழுக்கிச் செல்லும் விளையாட்டுக்காகவும் வெளிநாட்டார் இக்கரைக்கு மிகுதியாக வரலாயினர். கிடுகு வேய்ந்த குடில்கள் எழுந்தன. மாடிகள் பற்றிய பேச்சும் உடன் எழுந்தது. மாடி என்றால் மின்னுயர்த்தி. மின்னுயர்த்தி என்றால் வாஸ்து.

இக்காலத்து வாஸ்து நூலார் கூறுவதை முதலிற் கேட்போம். ஈசான மூலையாகிய வடகிழக்கு தாழ்ந்தும் பாரமின்றியும் இருத்தல் வேண்டும். நிருதி மூலையாகிய தென்மேற்கு உயர்ந்தும் கனத்தும் இருத்தல் வேண்டும். நடுவிடமாகிய பிரமத்தானம் வெறுவெளியாக விடப்படுதல் வேண்டும் என்பர். இம்மட்டும் அவர்களிடையே பிணக்கில்லை. மின்னுயர்த்தி வந்ததும் பிணக்கு வந்துவிடுகிறது. ஏனெனில், அப்பொறியின் அடியில் ஏறத்தாழ 5 அடி ஆழத்துக்குக் குழி வேண்டும். குழி பள்ளமாதலின் வடகிழக்குக்கு உரியது என்று ஒருவர் சொல்லலாம். பெட்டியும், பெட்டியின் எடையோடு அது சுமக்கும் பாரத்தில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்து அமைத்த எதிரெடையும், பெரும்பாலும் உச்சியில் அமரும் இயந்திரமும் பெரும் பாரம். ஆதலின் தென்மேற்குக்கு உரியது என்று மற்றொருவர் சொல்லலாம். கிணறும் மலையும் ஒரே கூட்டுக்குள் அடைபட்டதுபோல இருக்கிறது இப்பொறி! இந்த இக்கட்டிலிருந்து தப்ப, தெற்கு என்றும் மேற்கு என்றும் வடமேற்கு என்றும் ஆளுக்கொரு விடை கூறி, ஒவ்வொன்றின் கீழும் "சாத்திரம்" என்று முத்திரை குத்திவிடுகின்றனர்.

எந்தச் சாத்திரம் என்று கேட்டல் ஆசிரியனுக்குக் கடன். மானசாரம் ஒரு நிலை முதல் 12 நிலை வரையுள்ள கட்டடங்களை வகுத்துப் பேசுகிறது. படிக்கட்டின் இலக்கணமும் கூறுகிறது. மயமதம் மனையை 64 பதமாகவும் 81 பதமாகவும் பிரித்துத் தேவர்களுக்கு இடம் வகுக்கிறது. ஆயினும் நிலைமேல் நிலையாக எழுந்த அவ்விமானங்கள் பெரும்பாலும் இறைவனுக்கு எழுந்தவை. பன்னிரண்டாம் நிலையில் விருந்தினன் ஒருவன் பெட்டி படுக்கையோடு ஏறித் துயில வேண்டிய தேவை அந்நூலாசிரியர்க்கு இருந்ததில்லை. ஏறியவர் எவராயினும் காலால் ஏறினர்.

மின்னுயர்த்தியின் பிறப்போ நேற்றையது. 1854 இல் நியூயோர்க் நகரத்துப் பொருட்காட்சி மண்டபத்தில் எலிஷா ஓட்டிஸ் என்பார் உயரத்தே தூக்கிய மேடையில் நின்றுகொண்டு, அதனைத் தாங்கிய கயிற்றை வெட்டச் செய்தார். மேடை விழாது நின்றது. 1857 இல் அந்நகரத்துக் கடையொன்றில் மக்களை ஏற்றும் பொறி அமைந்தது. 1880 இல் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் சீமன்ஸ் மின்னால் இயங்குவதைக் காட்டினார். அதுவரை மேனாட்டு விடுதிகளில் உச்சி மாடி என்றால் வாடகை குறைவு, படியேற வேண்டுமே! பொறி வந்த பின் உச்சி மாடியே செல்வர்க்கு உரியதாயிற்று. மேல் கீழ் என்னும் மதிப்பையே புரட்டிய ஒன்றுக்கு, அது பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன் எழுந்த ஏட்டில் விதி தேடுதல் எங்ஙனம் பொருந்தும்?

என்னிடம் முன்பு இலக்கணம் பயின்று இப்பொழுது படவரைஞராகத் தொழில் செய்யும் ஒருவர் சில மாதங்களுக்கு முன் வந்தார். விடுதி ஒன்றின் வரைபடம் கையில் இருந்தது. "ஐயா, மின்னுயர்த்திக்கு மூலை சொல்லும் பழைய செய்யுள் ஏதும் உண்டா? சட்டம் போட்டு வாயிலில் மாட்ட வேண்டும் என்று உரிமையாளர் கேட்கிறார். இல்லாவிட்டால் நீங்களே ஒரு வெண்பாப் பாடித் தந்தாலும் போதுமாம், பழைய நடையில் இருந்தால் சரியாம்" என்றார். "பாடித் தரலாம், தம்பி. கீழே என் பெயரையும் இந்த ஆண்டையும் போடுவார்களா என்று கேட்டு வாரும்" என்றேன். அந்த விடை இன்னும் வரவில்லை.

இதனைச் சிறு செய்தி என்று தள்ளுதற்கில்லை. வாயிலில் தொங்கும் அச்செய்யுளை நாளை ஒரு மாணவன் கட்டுரையில் மேற்கோளாக எழுதுவான். அக்கட்டுரையைக் கண்டு வேறொருவர், பண்டைத் தமிழர் மின்னுயர்த்தி அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவார். உண்மையாகவே நம்மிடம் இருக்கும் செல்வமும் அப்போது ஐயத்துக்குள்ளாகும். அச்செல்வம் சிறிதன்று. நெடுநல்வாடையில், நிழல் சாயாத நண்பகலில் நூலறி புலவர் கயிறிட்டுத் திசை கண்டு அரண்மனை வகுக்கும் காட்சி உண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, 24 விரல் கொண்ட கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1 என ஆடரங்குக்கு அளவு சொல்கிறது. புகவும் போகவும் இரண்டு வாயில் வகுக்கிறது. அந்த அளவுகள் அங்கு ஆடப்போகிறவளை எண்ணி வைத்தவை என்பதை வகுப்பில் யான் எப்போதும் வற்புறுத்துவதுண்டு. ஞாயிறு எங்கே நிற்கிறது, யார் புழங்குவார் என்று பார்த்தவர் செய்த நூல்கள் இவை.

வாஸ்து என்னும் வடசொல்லும் வாழ்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்ததேயாம். ஆகவே வாழும் நிலத்தைப் பார்ப்போம். எங்கள் கரையில் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகம் மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை ஓயாது. மாம்புரியில் 2010 இல் காற்றாலைகள் நிறுவப்பட்டது வீணுக்கன்று. அக்காற்று உப்பைச் சுமந்து வரும், இரும்பைத் தின்னும். மின்னுயர்த்தியின் கதவும் கம்பியும் அதற்கு நேர்முகமாக நின்றால் எந்தத் தேவதை காக்கும்? தென்மேற்குப் பாரந்தாங்கும் மூலை என்று ஏடு சொல்லினும், எங்கள் மணல் அதனை வேண்டாம் என்கிறது. வேறோர் ஊரில், மலையடிவாரத்தில், விடை வேறாகலாம்.

நம்பிக்கையால் ஒருவர் தம் செலவில் வாயிலைத் திருப்பினால் அதனைத் தடுக்க நான் யார்? சிங்கப்பூரில் 1971 இல் திறந்த ஹயாட் விடுதியின் வாயிற்கதவுகளைச் சீன மனைநூலார் சொற்படி சாய்த்து மாற்றினர் என்பது பலரும் அறிந்த கதை. கதவு சாய்ந்ததால் எவர்க்கும் தீங்கில்லை. மூலை பார்த்து மின்னுயர்த்தியை ஒதுக்குவதோ அத்தகையதன்று. வாயிலிலிருந்து நெடுந்தொலைவில், இரண்டு படி ஏறிய பின் அதனை வைத்தால், சக்கர நாற்காலியில் வருபவர் அதை எட்டவே முடியாது. அவர்க்காகத்தானே அது! இந்நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் 2006 இல் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகளும் இதற்கென்றே உள்ளன. வரைபடத்தோடு வருபவரிடம் இவற்றைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடை. தீ எழுந்தால் மின்னுயர்த்தியில் ஏறலாகாது. ஆதலின் இறங்கும் படி அதன் அருகிலேயே கண்ணிற் படல் வேண்டும். படுக்கையின் தலைமாட்டுச் சுவரை ஒட்டி அதன் கூண்டு அமைந்தால் இரவெல்லாம் ஓசைதான்.

எல்லாவற்றினும் மேலாக அந்தக் குழியைப் பற்றிச் சொல்லல் வேண்டும். குடாநாட்டில் நாம் குடிக்கும் நீர் மழையாக மணலில் இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதப்பது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மரக்கறிக்கும் இறைப்பதும் அதுவே. ஈசானத்தில் தோண்டினால் நன்னீர், பிற இடத்தில் தோண்டினால் உவர்நீர் என்று அது மூலை பார்த்து ஊறுவதில்லை. அளவு மீறி இறைத்தால் எம்மூலையிலும் உவர்க்கும். அத்தகைய மணலில் 5 அடிக் குழி வெட்டினால் மாரி காலத்தில் நீர் வந்து நிற்கும். எண்ணெயின் அழுத்தத்தால் உயரும் வகைப் பொறியாயின் கசியும் எண்ணெய் அந்நீரில் கலக்கும். மற்ற வகையிலும் மசகு உண்டு. அந்நீரை இறைத்து வேலிக்கப்பால் மணலில் விட்டால் அது மீண்டும் ஊறிச் சேருமிடம் அடுத்த வளவுக் கிணறு. ஆதலின் குழியின் அடியும் சுவரும் நீர் புகாத கொங்கிறீட்டாக அமைதல் வேண்டும். குழியில் ஊறுவதை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதும், அயலார் கிணறு எத்தனை அடி தள்ளியுள்ளது என்பதும் ஈசானம், நிருதி எல்லாம் குறித்திருக்கும் அதே வரைபடத்தில் எழுதப்படல் வேண்டும்.