நித்திரையும் எலும்பும்

நித்திரை வராவிட்டால் "ஊர் யோசனை" என்று விட்டுவிடுகிறோம். அதனோடு எலும்பு நோவும் இருந்தால் கவனியுங்கள். விற்றமின் டி குறைந்தால் உணவிலுள்ள கல்சியம் போதியளவு உடலில் சேராது. எலும்பு வலுவிழந்து நாரியும் காலும் நோகும். அந்த நோ நித்திரையைக் குழப்பும்.

இந்த விற்றமினை வெயில் பட்டால் தோலே ஆக்கும். எங்கள் கறுத்த தோலுக்குக் கூடிய நேரம் வேண்டும். கண்ணாடி யன்னலூடாக வரும் வெயில் உதவாது. இரவு வேலை செய்து பகலில் படுப்போருக்கு வெயிலே கிடைப்பதில்லை.

ஒக்லாந்தில் மாசி கோடையின் கடைசி. காலை 10 மணிக்கு முன்னரோ மாலை 4 மணிக்குப் பின்னரோ நடவுங்கள். மே முதல் ஓகஸ்ட் வரை நண்பகலே நல்லது.

நோவையும் நித்திரையின்மையையும் குடும்ப வைத்தியரிடம் சேர்த்தே சொல்லுங்கள். தேவையானால் மாதம் ஒன்றாகக் குளிசை எழுதித் தருவார். மனக்கவலையையும் மறைக்க வேண்டாம்.