ஏலத்தில் மீட்ட வாளை எலுமிச்சையில் இழக்கலாமா?

பெங்களூரு:
கர்நாடக அரசியலில் திப்பு சுல்தானின் பெயர் ஓய்ந்ததே இல்லை. 2015-இல் சித்தராமையா அரசு திப்பு ஜெயந்தியை அரசு விழாவாக்கியது. 2019-இல் எடியூரப்பா அரசு அதை ரத்து செய்தது. இரு தரப்பும் வீதியில் மோதிக்கொண்ட அந்த ஆண்டுகளில், மைசூர் அரசு விட்டுச்சென்ற ஆயுதங்கள் எந்த நிலையில் உள்ளன என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

வாள் செய்தியாவது ஏலத்தில் மட்டும்தான். 2003-இல் லண்டன் ஏலத்தில் திப்புவின் வாளை வாங்கிய விஜய் மல்லையா, மறு ஆண்டு தேர்தல் களத்தில் நின்றபடி அதை அறிவித்தபோது நாடே பாராட்டியது. 2016-லேயே அதைக் கொடுத்துவிட்டதாக 2018-இல் லண்டன் நீதிமன்றத்தில் அவர் தரப்பு தெரிவித்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த 1799-இல் தளபதி டேவிட் பெர்டுக்கு வழங்கப்பட்ட படுக்கையறை வாள், 2023 மே மாதம் லண்டனில் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு விலைபோனது. விலை பேசப்படும் அளவுக்குப் பராமரிப்பு பேசப்படுவதில்லை.

சிவமொக்கா மாவட்டம் நகராவில் 2018 ஜூலையில் பாழுங்கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர் ராக்கெட்டுகள் துருவேறிய நிலையில் எடுக்கப்பட்டன. மண்ணில் இரு நூற்றாண்டு கிடந்த இரும்பு, காற்றுபட்டதும் முன்னிலும் வேகமாக அரிக்கத் தொடங்கும். தோண்டியெடுப்பதோடு வேலை முடிவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது.

அரசின் வசம் இல்லாதவையே அதிகம். பாளையக்காரர் வழிவந்த குடும்பங்களிலும் மடங்களிலும் கோயில்களிலும் இருக்கும் வாள்கள் ஆயுத பூஜைக்கு முன் வெளியே வருகின்றன. எலுமிச்சை, புளி, உப்புத்தாள் என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு பளபளக்கத் தேய்க்கிறார்கள். பக்தியில் குறையில்லை, பாழாவது வாள்தான். மேலைநாட்டார் 'வூட்ஸ்' என்றழைத்த தென்னிந்திய உருக்கின் அழகு, அதன் மேற்பரப்பில் நீரலைபோல் ஓடும் கோடுகளில் இருக்கிறது. மிகுந்த கரிமம் கொண்ட அந்த உருக்கை மூசையில் காய்ச்சிய தடயங்கள் நம் கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும், சித்ரதுர்காவின் கட்டிஹொசஹள்ளியிலும் கிடைத்துள்ளன. பட்டறைச் சக்கரத்தில் ஒருமுறை வாளைப் பிடித்தால் அந்தக் கோடுகள் மறைந்துபோகும். இரும்பைக் கீறி மெல்லிய தங்கக் கம்பியை அடித்துப் பதித்த எழுத்துகளும் அப்படியே. பித்தளைக்கான மெருகுப் பசையைப் பூசித் துடைத்தால் பொன் துணியோடு வந்துவிடும். பல வாள்களின் கைப்பிடி அரக்கால் பிணைக்கப்பட்டது என்பதை அறியாமல் வெந்நீரில் அமிழ்த்துவோரும் உண்டு. பிடி தளர்ந்துவிடும், உள்ளே புகுந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும்.

கருமை படிந்த வாள் கெட்டுப்போன வாள் அல்ல. அந்தப் படிவு பெரும்பாலும் உலோகத்துக்குக் காப்பு. உதிரும் செம்மஞ்சள் துருவே பகை. அதையும் சிறிது மென்மையான கனிம எண்ணெய் தொட்ட துணியால் பொறுமையாக எடுத்து, மெழுகை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். வியர்வையின் உப்பும் அரிக்கும் என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாது. தோல் உறை ஈரத்தைத் தேக்குவதால் வாளை அதற்குள் செருகியே வைப்பதும் தவறு.

இவையெல்லாம் அறிந்தவர்கள் இல்லாமலில்லை. லக்னோவின் தேசியப் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு மைசூருவில் வட்டாரப் பிரிவு உண்டு. வூட்ஸ் உருக்கை ஆராய்ந்த அறிஞர்கள் பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்திலும் தேசிய உயராய்வு நிறுவனத்திலும் பணியாற்றியிருக்கிறார்கள். அந்த அறிவு கஸ்தூரிபா சாலை அருங்காட்சியகத்தைத் தாண்டி கிராமத்து மடத்தை எட்டவில்லை என்பதே குறை. வல்லுநர் வீட்டுக்கு வந்தால் அரசு வாளைப் பறித்துக்கொள்ளுமோ என்ற அச்சம் குடும்பங்களிடம் இருப்பது இயல்பு. உடைமை உங்களுடையதே என்று எழுத்து மூலம் உறுதியளித்து, படமெடுத்துப் பதிவு செய்து, இலவசமாகப் பராமரித்துக் கொடுக்கும் முகாம்களை தசராவுக்கு ஒரு மாதம் முன்பே மாவட்டந்தோறும் நடத்த கர்நாடக அரசு முன்வர வேண்டும். பாளையப்பட்டு வாள்கள் நிறைந்த தமிழ்நாட்டிலும் தொல்லியல் துறை இதையே செய்யலாம். விழா நடத்துவதற்கும் ரத்து செய்வதற்கும் ஆன அரசியல் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் தொகை மிகச் சொற்பம்.