துணைவேந்தர்களின் தினப்படிச் சேதி

கோட்டக்குப்பத்திலிருந்து தெற்கே நடந்தால் சிறிது நேரத்தில் முத்தியால்பேட்டை. அதைத் தாண்டினால் ஆனந்தரங்கப் பிள்ளையின் புதுச்சேரி. வடக்கே மரக்காணம் செல்லும் பேருந்தில் ஏறினால், உப்பளங்கள் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் வாயில் வந்துவிடும். ஒருபுறம், பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் ஆளுநர் யாரைக் கண்டார், யாரைக் காக்கவைத்தார் என்பதைத் தமிழில் எழுதிவைத்த ஊர். மறுபுறம், 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம். துய்ப்ளெக்ஸின் 1748 செப்டம்பரைப் பற்றி அறிய முடிகிற அளவுக்கு, நம் காலத்துத் துணைவேந்தர் ஒருவரின் ஏதேனும் ஒரு மாதத்தைப் பற்றி ஒரு வாசகன் அறிந்துகொள்ள முடியுமா?

முடியாது. அப்படி முடியாமலிருப்பது நம்மை உறுத்தவும் இல்லை. என் புகார் பல்கலைக்கழகங்களின் மீது பாதி, நம்மீது பாதி.

பிள்ளையின் தினப்படி சேதிக் குறிப்பு 1736இல் தொடங்கி 1761 ஜனவரியில் அவர் இறக்கும் தறுவாய்வரை செல்கிறது. 1846இல் கலுவா மோம்பிரேன் கண்டெடுத்திராவிட்டால் அது கறையானுக்குப் போயிருக்கும். 2019இல் அகநி பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டபோது நம்மில் பலரும் கொண்டாடினோம். அதில் நாம் எதைக் கொண்டாடுகிறோம்? நடையையா? பெரும்பகுதி வறண்ட நடைதான். இன்ன கப்பல் வந்தது, இத்தனை பீரங்கி போட்டார்கள், இன்னார் முசே துய்ப்ளெக்ஸைக் காண வந்தார், இன்ன நசர் வைத்தார். ஆனால் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட நாட்களில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள், யார் யாரிடம் ஓடினார்கள், மதாம் துய்ப்ளெக்ஸின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதெல்லாம் இந்த வறட்சியிலிருந்துதான் எழுந்து வருகின்றன. ஆளுநரே நினைவுக் குறிப்பு எழுதியிருந்தால் அவற்றில் எது மிஞ்சியிருக்கும்?

தமிழ்நாட்டுத் துணைவேந்தர்களைப் பற்றி எளிதில் படிக்கக் கிடைப்பவை பட்டமளிப்பு உரைகள், மணிவிழா மலர்கள், தன்வரலாறுகள். ஆ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, இருபத்தேழு ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். விடுதலையும் மொழிப்போரும் அந்தக் காலத்துக்குள்ளேதான் வருகின்றன. அவரை அடுத்து வந்த நெ.து. சுந்தரவடிவேலு ‘நினைவு அலைகள்’ எழுதினார், நல்ல நூல்தான். ஆனால் நினைவு தன் எஜமானுக்கு ஊழியம் செய்யும். காலை பத்தரை மணிக்கு யார் உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று நேர்முக உதவியாளர் குறித்துவைத்த பதிவேட்டுக்கு அப்படி ஒரு விசுவாசம் கிடையாது.

‘இதெல்லாம் குமாஸ்தா வேலை, இலக்கியத்துக்கு இதில் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். அருந்ததி ராய் மாவோயிஸ்டுகளோடு காட்டில் நடந்ததைப் பற்றி எழுதிய ‘வாக்கிங் வித் தி காம்ரேட்ஸ்’ 2017இலிருந்து திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆங்கிலப் பாடமாக இருந்தது. 2020 நவம்பரில் நீக்கப்பட்டது. ஏபிவிபி புகார் கொடுத்தது, குழு கூடியது, முடிவெடுத்தது என்பது வெளியே சொல்லப்பட்ட கதை. கண்டனங்கள் எழுந்தன, ஒரு வாரத்தில் ஓய்ந்தன. புகார் வந்த நாளுக்கும் முடிவெடுத்த நாளுக்கும் இடையே துணைவேந்தரின் அறைக்குள் யார் யார் போனார்கள்? தொலைபேசியில் யார் பேசினார்? அந்த நூலை நடத்திய ஆசிரியர்களுக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் கருத்துச் சுதந்திரம் பற்றி நாலு பத்தி எழுதிவிடுவது நமக்குப் பழகிப்போன சுகம். எந்த நூல் பாடமாகிறது, எது வெளியேறுகிறது என்பதைவிட இலக்கிய வாசகனுக்கு நெருக்கமான நிர்வாகச் செய்தி வேறென்ன இருக்கிறது?

நியமனங்களின் கதை இன்னும் கேவலமானது. 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர், உதவிப் பேராசிரியர் பணிக்கு லஞ்சம் வாங்கியதாகக் கைது செய்யப்பட்டார். யார் வந்தார், யார் போனார் என்பது போலீசார் வந்த பிறகு மட்டும் கேட்கப்படவேண்டிய கேள்வியா? சாதாரணக் காவல் நிலையத்தில்கூடப் பொது நாட்குறிப்பு உண்டு. ஆயிரக்கணக்கான இளைஞர்களின் பட்டத்தில் கையெழுத்திடுபவரின் நாள் மட்டும் காற்றில் கரையலாமா?

அமெரிக்காவில் லிண்டன் ஜான்சனின் நாட்பதிவை இன்று இணையத்திலேயே படிக்கலாம்: எத்தனை மணிக்கு யாரோடு பேசினார் என்பதுவரை. நிக்சன் விவகாரத்துக்குப் பிறகு, 1978இல் வந்த சட்டம் அதிபரின் அலுவல் ஆவணங்களை அரசின் சொத்தாக்கியது. ‘பதிவு செய்வார்கள் என்று தெரிந்தால் பதிவேட்டுக்கு வெளியே சந்திப்பார்களே’ என்கிறார்கள் புத்திசாலிகள். சந்திக்கட்டும். 2021 ஜனவரி 6 அன்று வெள்ளை மாளிகையின் தொலைபேசிப் பதிவில் ஏழு மணி 37 நிமிட இடைவெளி இருந்தது. அந்த வெற்றிடமே விசாரணைக்கு உரிய பொருளாயிற்று. பதிவேடே இல்லாத இடத்தில் வெற்றிடத்தையும் காட்ட முடியாது.

உடனே எல்லாவற்றையும் சுவரில் ஒட்டச் சொல்லவில்லை. ஹார்வர்ட் தன் நிர்வாக ஆவணங்களை ஐம்பது ஆண்டு மூடிவைக்கிறது. எனக்கு அது அதிகமாகவே படுகிறது. ஆனால் அங்கே பூட்டுக்குப் பின்னால் ஒரு பொருள் இருக்கிறது. அந்தரங்கம் என்ற சொல்லை இங்கே கேடயமாக நீட்டுகிறவர்கள், துணைவேந்தரின் மருத்துவரையும் மகள் வீட்டுத் திருமணத்தையும் நான் கேட்பதாகப் பாவனை செய்கிறார்கள். அலுவலக நேரத்தில், அலுவலக அறையில், அலுவலக வாகனத்தில் நடந்ததையே கேட்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவு பொது அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. அதில் அதிகாரிகளின் நாள்நிரல் இல்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுப்பதை இன்னும் சுலபமாக்கித் தந்துவிட்டது. மறுப்பைக் காட்டிலும் பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்கிற 8(2) பிரிவு மட்டும் மிச்சம். மத்தியப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை இன்னொரு பிடியும் உண்டு. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டப்படி ஒவ்வோர் அமைப்பும் ஓர் ஆவண அலுவலரை நியமிக்கவேண்டும். விதிமுறைக்குப் புறம்பாக ஆவணத்தை அழித்தால் ஐந்தாண்டுவரை சிறை. இந்தச் சட்டத்தின் பெயரைக்கூட நம் இலக்கியக் கூட்டங்களில் நான் கேட்டதில்லை.

காலாப்பட்டுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பக் கட்டணம் பத்து ரூபாய். பதிலுக்கு முப்பது நாள். கேட்க மூன்று கேள்விகள் போதும்: பல்கலைக்கழகத்தின் ஆவண அலுவலர் யார்? துணைவேந்தர் அலுவலகத்தின் பார்வையாளர் பதிவேடும் வாகனப் பதிவேடும் எத்தனை ஆண்டு பாதுகாக்கப்படுகின்றன? 1985இலிருந்து இன்றுவரை அவற்றில் எவை கைவசம் உள்ளன, எவை யாருடைய உத்தரவின்பேரில் அழிக்கப்பட்டன?