மகன் சொன்ன ஹீட் பம்பும் நான் வாங்கப்போகும் பேட்டரியும்

இங்கிலாந்தில் இருக்கும் மகன் போன மாதம் வீடியோ காலில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தைக் காட்டினான். ஏசியின் வெளிப்பெட்டி மாதிரி ஒன்று நின்றது. ஹீட் பம்ப். உள்ளே சுவரில் ஒரு பேட்டரி. "கவர்மெண்டே 7,500 பவுண்டு மானியம் குடுக்கறாங்கப்பா. நீங்களும் ரெண்டையும் போட்டுடுங்க, பணம் நான் அனுப்பறேன்" என்றான்.

பணம் அனுப்புகிறேன் என்று பிள்ளை சொன்னால் பெருமைதான். ஆனாலும் முப்பது வருடம் கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா? காகிதமும் பேனாவும் எடுத்தேன்.

ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருப்பதை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். குளிர்காலம் முழுக்க வீட்டையே சூடாக்க வேண்டிய ஊரில் அது வரப்பிரசாதம். எங்கள் வேளச்சேரியில்? நாங்கள் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு வாளி, மொத்தம் 40 லிட்டர். 27 டிகிரி தண்ணீரை 42 டிகிரி ஆக்க கீஸருக்கு முக்கால் யூனிட் போதும். இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். ஹீட் பம்ப் போட்டால் அது 15 ஆகும். மிச்சம் 30 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம். கடையில் சொன்ன விலையோ ஒரு லட்சத்துக்கு மேல். போட்ட பணத்தை எடுக்க நான் இன்னும் நூறு வருடம் இருக்க வேண்டும்! போதாக்குறைக்கு, சித்திரை வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்கும், விடுதி, மருத்துவமனைகளுக்கும் இந்தக் கணக்கு வேறு. அவர்கள் தாராளமாக வாங்கலாம்.

அடுத்து பேட்டரி. மகன் இரவில் மலிவு விலைக்கு மின்சாரம் வாங்கி நிரப்பி, விலை கூடிய மாலையில் செலவழிக்கிறான். எங்கள் மாடியில் 3 கிலோவாட் சோலார் உண்டு. பகலில் மிஞ்சுவது வாரியத்துக்குப் போய் பில்லில் கழிந்துவிடுகிறது. ஆகவே சேமிப்புக் கணக்குப்படி பேட்டரியும் தேறாது.

ஆனால் இங்கேதான் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. மழை விட்டு வெயில் வந்ததும், "என்னங்க, நம்மகிட்டதான் சோலார் இருக்கே, ஃபிரிட்ஜைப் போடுங்க" என்றாள் மனைவி. ஃபிரிட்ஜில் அவளுடைய இரண்டு மாத இன்சுலின். சுவிட்சைப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. தலைக்கு மேல் வெயில், மாடியில் பேனல், வீட்டுக்குள் இருட்டு.

அப்புறம்தான் காரணம் தெரிந்தது. லைனில் கரண்ட் நின்றால் இந்த வகை இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் நம் மாடி மின்சாரம் கம்பிக்குள் ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரை வாங்கிவிடும். நியாயமான ஏற்பாடு. ஆனால் பேனல் பொருத்தியவர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்சுலினைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டோம். அந்த மூன்று நாளும் அவள் பானையைத் திறந்து திறந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே என் கட்சி இதுதான். நம் ஊரில் வீட்டு பேட்டரியை லாபத்துக்காக வாங்காதீர்கள்; ஏமாந்துபோவீர்கள். கரண்ட் இல்லாத இரவுக்காக வாங்குங்கள், அதற்குத் தகுந்த அளவில். ஃபிரிட்ஜ், இரண்டு மின்விசிறி, நாலு விளக்கு எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு இரண்டரை யூனிட். 5 யூனிட் லித்தியம் பேட்டரி தாராளம். கீஸரையும் ஏசியையும் அதில் சேர்க்காதீர்கள். கரண்ட் போனாலும் பேனல் அதை நிரப்பும்படி ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருக்க வேண்டும். "கரண்ட் போனால் என் பேனல் வேலை செய்யுமா?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். வெள்ளம் வரும் பகுதியென்றால் பேட்டரியை மாடியில் மாட்டுங்கள்.

மகனிடம் சொன்னேன்: "ஹீட் பம்ப் வேண்டாம்ப்பா. பேட்டரி மட்டும் போதும்."

"அதுல எவ்வளவு மிச்சமாகும்ப்பா?" என்றான்.

"ஒண்ணும் மிச்சமாகாது. உங்கம்மா பானையைத் திறந்து பார்க்க வேண்டியிருக்காது, அவ்வளவுதான்" என்றேன்.