ஊசியில என்னய்யா அவசரம்?

நண்பர் ஒருத்தர், 104 கிலோ. டாக்டர் செமாக்ளூடைட் எழுதிக் குடுத்தார். வாரம் ஒரு ஊசி, முதல் நாலு வாரம் 0.25 மில்லிகிராம். ரெண்டு ஊசி போட்டும் எடை மெஷின் அசையலை. உடனே ஆபீஸ் மருத்துவ மேதைகள் கூடிட்டாங்க. "காசு வேஸ்ட் மச்சி, நேரா 1க்குப் போ." போனார். மெடிக்கல் ஷாப்ல சீட்டுகூடக் கேக்கலையாம். மூணு நாள் வாந்தி, குடிச்ச தண்ணிகூட நிக்கலை, கடைசியில டிரிப்ஸ்.

மக்களே, 0.25ங்கிறது இளைக்கிறதுக்கான அளவே இல்லை. வயித்தைப் பழக்குற அளவு. இந்த மருந்து உடம்புல பாதியாக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதாவது போன வார ஊசி பாதி மிச்சம் இருக்கும்போதே அடுத்தது உள்ள போகுது. அளவை மாத்தாமலே நாலஞ்சு வாரம் ஏறித்தான் ஒரு நிலைக்கு வரும். ரெண்டாவது வாரத்துலயே "வேலை செய்யலை"ன்னு தீர்ப்பு சொல்றவங்களை என்ன செய்யலாம்? வீகோவிக்கு 0.25, 0.5, 1, 1.7, 2.4ன்னு நாலு நாலு வாரமாப் படிக்கட்டு வெச்சது சும்மாவா? (டெஸ்டிங் முடியாம வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் பண்ண மாட்டேன்னு அடம்பிடிக்கிற அதே ஆளுங்கதான் இந்த அட்வைஸ் குடுத்தது!)

இன்னொரு கூட்டம் 2.4ஐத் தொட்டே ஆகணும்னு நிக்குது. ஏன், என்ட்ரன்ஸ் மார்க்கா? தாங்கலைன்னா 1.7லயே நிக்கலாம். குமட்டல் அடங்கலைன்னா அடுத்த படியைத் தள்ளிப் போடலாம். அதை முடிவு பண்ண வேண்டியது டாக்டர், கேன்டீன் டேபிள் இல்லை.

நண்பர் இப்போ மறுபடி 0.25ல இருக்கார். மேதைகள் அவருக்குப் பேலியோ சொல்லிக்கிட்டு இருக்காங்க.