கேட்டா குறைஞ்சா போயிடுவோம்?

வீட்டு விஷயமாச்சேன்னு ரொம்ப நாளா தள்ளிப்போட்ட பதிவு இது. போன வாரம் அப்பாகிட்டயே கேட்டுட்டேன். "எழுதுடா, இன்னும் நாலு பேராவது தப்பிக்கட்டும்"னார்.

நடந்தது 2022-ல். கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று அப்பா மொபைலுக்கு ஒரு எஸ்எம்எஸ். பதறிப்போய் கூப்பிட்டிருக்கார். எதிர்முனையில் பயங்கர மரியாதையான குரல். ஒரு ஆப் இறக்கச் சொல்லி, பத்தே பத்து ரூபாய் கட்டச் சொல்லியிருக்கான். அந்த ஆப் நம்ம போன் திரையை அப்படியே அவனுக்குக் காட்டும். அப்பா அடிச்ச பாஸ்வேர்டு, வந்த ஓடிபி எல்லாம் அவன் கண்ணில். கால் மணி நேரத்தில் 84,000 ரூபாய் காலி. பென்ஷன் பணம்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. அப்பா எங்ககிட்ட இதைச் சொன்னது பதினோரு நாள் கழிச்சு! அம்மாவுக்குக்கூடத் தெரியாது. மனுஷன் சரியா சாப்பிடலை, தூங்கலை. நாங்க சுகர் ஏறிடுச்சுன்னு நினைச்சுட்டிருந்தோம்.

இந்தத் திருட்டுல பணம் ஒரே இடத்தில் இருக்காது. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கு, அங்கேருந்து வேறொன்று, கடைசியில் எவனாவது ஏடிஎம்மில் எடுத்துடுவான். இணையக் குற்றப் புகாருக்கான 1930-க்கு உடனே போன் பண்ணினால், ஓடிக்கிட்டிருக்கிற பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. பதினோரு நாள் கழிச்சு எதை முடக்கறது? ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட சுற்றறிக்கையும் இதைத்தான் சொன்னது. வாடிக்கையாளரே ஏமாந்து ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஆகும் நட்டம் அவர் தலையில். தெரிவித்த பிறகு ஆவது வங்கியின் பொறுப்பு. ஆக, வாயைத் திறக்கிற நேரத்துக்குத்தான் விலை.

"ஏம்ப்பா அன்னிக்கே சொல்லலை?"ன்னு கத்தினேன். அப்பா தலையைக் குனிஞ்சுகிட்டே சொன்னார்: "வாட்ஸ்அப்ல போட்டோ எப்படி அனுப்பறதுன்னு கேட்டப்பவே, 'இதுகூடவா தெரியாது, எத்தனை தடவைப்பா சொல்றது'ன்னே. இதைச் சொன்னா என்ன சொல்லுவியோன்னு..."

அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரலை.

பிரச்சினைன்னா நாலு பேரைக் கேளுங்கன்னு ஊருக்கு உபதேசம் பண்றோம். கேட்கிறவங்களுக்குத் தைரியம் போதலைன்னும் சொல்றோம். என்னைக் கேட்டா, பாதிப் பழி கேட்கப்படுறவன் மேல. சின்னச் சின்னக் கேள்விக்கு நாம சலிச்சுக்கிறப்பவே, பெரிய பிரச்சினைக்கு யார்கிட்ட போகக்கூடாதுன்னு அவங்க முடிவு பண்ணிடறாங்க. திருடன் நம்பி இருக்கிறதும் இந்த வெட்கத்தைத்தான்.

இப்பல்லாம் எந்த எஸ்எம்எஸ் வந்தாலும் அப்பா எனக்குப் போன் பண்றார். சில நாள் மூணு தடவை, மீட்டிங் நடுவுலகூட. பத்துல ஒன்பது ஒண்ணுமே இருக்காது. எடுத்துப் பேசறேன். அந்தப் பத்தாவதும் எனக்கு வரணும் இல்லையா?

பி.கு: 1930. அப்பா அம்மா போன்ல இன்னிக்கே பதிஞ்சு கொடுத்துடுங்க மக்கா. கொடுக்கிறப்போ சலிச்சுக்காம கொடுங்க.